நன்றி அட்டை செய்ய வைத்தால் பிள்ளைக்கு நன்றியுணர்வு வந்துவிடுமா?

ஜூன் 7, மாலை. வாசகர் கேள்வி

என் மகனுக்கு ஆறு வயது. எதைக் கொடுத்தாலும் "இவ்வளவுதானா?" என்கிறான். பிறந்தநாளுக்கு வந்த பரிசுகளை எல்லாம் பத்து நிமிஷத்தில் பிரித்துப் போட்டுவிட்டான். எது யார் கொடுத்தது என்றுகூடக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார வைத்து நன்றி அட்டை, நன்றி ஜாடி என்று ஏதாவது செய்ய வைக்கலாமா என்று பார்க்கிறேன். இதில் உண்மையிலேயே பயன் உண்டா? இல்லை, வெட்டி ஒட்டி முடித்த கையோடு மறந்துவிடுவார்களா?

ஜூன் 7, இரவு

பயன் உண்டு. ஆனால் அட்டை செய்ததால் மட்டும் வந்துவிடாது. எங்கள் வீட்டில் மூத்தவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்தரை. மூன்று வருஷமாக இதைச் செய்துபார்க்கிறோம். முதல் வருஷம் முழுக்கத் தப்பாகச் செய்தேன். அதைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

மூத்தவளுக்கு அப்போது ஆறு வயது. அவள் காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் பாட்டி வந்து கூடவே இருந்தார். உடம்பு சரியானதும் பாட்டிக்கு ஒரு அட்டை செய்யச் சொன்னேன். சார்ட் அட்டையை நான்தான் வெட்டிக் கொடுத்தேன். பூ எங்கே வரைய வேண்டும் என்று நான்தான் பென்சிலால் புள்ளி வைத்தேன். அவள் உள்ளே "நண்றி பாட்டி" என்று எழுதினாள். நான் அழிரப்பரை எடுத்து அந்த மூன்று சுழியை அழித்து இரண்டு சுழியாக்கினேன். பசை வழிந்த ஓரத்தைத் துடைத்தேன். கோணலாக இருந்த ஜிகினாத் தாளைப் பிய்த்து நேராக ஒட்டினேன்.

எல்லாம் முடிந்து, "பாட்டிகிட்ட கொண்டுபோய்க் கொடு" என்றேன். "நீயே குடும்மா, நீதானே செஞ்ச" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அதனால் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: கத்தரிக்கோலும் பசையும் பிள்ளையின் கையில் இருக்கட்டும்.

ஜூன் 8, காலை

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போனது.

தமிழில் இதற்கு "நன்றியறிதல்" என்று ஒரு சொல் இருக்கிறது. பழைய வழக்கில் நன்றி என்றால் ஒருவர் செய்த நன்மை. அதை அறிவதுதான் நன்றியறிதல். எனக்கு இந்தச் சொல் வழிகாட்டியாக இருக்கிறது. யார், என்ன செய்தார், அதற்கு அவருக்கு எவ்வளவு பாடு என்பது தெரியாத பிள்ளையிடம் நன்றியை எதிர்பார்க்க முடியாது. உங்கள் மகன் பரிசைப் பிரித்துப் போட்டான் என்றால், அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு ஆள் கடையில் நின்று யோசித்தார் என்பது இன்னும் அவனுக்குத் தெரியவில்லை. மனசு கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

ஜூன் 9

ஜாடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூடியுள்ள ஒரு கண்ணாடி பாட்டில் போதும். பழைய நோட்டின் பின்பக்கங்களைக் கிழித்துத் துண்டுச்சீட்டு ஆக்கிக்கொள்ளுங்கள். தினமும் தூங்கப் போகும் முன் வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எழுதிப் போட வேண்டும். எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையலாம், இல்லை அது சொல்லச் சொல்ல நீங்கள் எழுதலாம். மாதக் கடைசியில் கொட்டி எல்லோரும் சேர்ந்து படிப்பது. எங்கள் வீட்டில் முதல் மாதம் கிடைத்தவற்றில் சில:

"இன்னைக்கு அக்கா என்னை அடிக்கல."

"மழை பெஞ்சுது. விளையாட்டு பீரியட் போச்சு. ஆனா மழை பெஞ்சுது."

"அப்பா ஷூ லேஸ் கட்டி விட்டார். ரெண்டு தடவ."

மூன்றாவது சீட்டைப் பாருங்கள். "ரெண்டு தடவ" என்று எண்ணியிருக்கிறான். எனக்கு அந்த ஒரு சொல் போதும்.

ஜூன் 14

"இதெல்லாம் எதற்கு, தேங்க்ஸ் சொல்லப் பழக்கினால் போதாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்லப் பழக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் பழக்கினேன். ஆனால் அந்தச் சொல் வாயில் வருவதும் உள்ளே உணர்வு வருவதும் ஒரே நாளில் நடப்பதில்லை.

1980-இல் எஸ்தர் கிரீஃப், ஜீன் பெர்கோ கிளீசன் என்ற இரு ஆய்வாளர்கள் இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான 22 பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்துக் கவனித்தார்கள். பக்கத்தில் பெற்றோர் இருந்தார்கள். யாரும் தூண்டாமல் தானாக நன்றி சொன்னது 7 சதவீதம்தான். பல பிள்ளைகளிடம் பெற்றோர் "என்ன சொல்லணும்?" என்று கேட்க வேண்டியிருந்தது. ஆக, பிள்ளை சொல்லவில்லையே என்று நாலு பேர் முன்னால் நமக்கு முகம் வாடுகிறதே, அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

அந்த "என்ன சொல்லணும்?" என்ற கேள்வியை நான் இப்போது வேறு மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்திலேயே கேட்பதில்லை. பிள்ளை சார்பில் நான் மனதார நன்றி சொல்லிவிடுவேன். வீட்டுக்கு வந்ததும், "அவர் உனக்கு என்ன செஞ்சார், சொல்லு பார்ப்போம்" என்பேன். கைவேலை அங்கிருந்து தொடங்குகிறது.

ஜூன் 15

மேலே சொன்னதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்.

சின்னவன் பள்ளி வேனில் போகிறான். போன வருஷக் கடைசியில் வேன் ஓட்டும் அண்ணனுக்கு ஒரு அட்டை கொடுக்கலாம் என்றேன். சரி என்று உட்கார்ந்தான். மஞ்சள் வண்டி, நாலு சக்கரம், மேலே சூரியன். எந்தப் பிள்ளையும் எந்த வேனுக்கும் வரையும் படம். ஐந்தே நிமிஷத்தில் "முடிஞ்சது" என்று எழுந்துவிட்டான்.

நான் அதை எடுத்து வைத்துவிட்டு, "சரி, நீ ஏறினதுக்கு அப்புறம் அந்த அண்ணன் என்ன செய்வார்?" என்று கேட்டேன்.

"வண்டி ஓட்டுவார்."

"உடனேயா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். கண்ணை மேலே உருட்டிக்கொண்டு, வேனுக்குள் ஏறிப் போவதுபோல மனசுக்குள் பார்த்தான். அப்புறம், "இல்ல. கண்ணாடியில பார்ப்பார். நான் உட்கார்ந்தேனான்னு பார்ப்பார். உட்கார்ந்த பிறகுதான் எடுப்பார்" என்றான்.

எனக்கே தெரியாத விஷயம். நான் தினமும் வாசலில் நின்று கையாட்டுகிறேன், இதைக் கவனித்ததில்லை.

அடுத்த தாளில் அவன் வண்டி வரையவில்லை. ஒரு நீளமான கண்ணாடி மட்டும் வரைந்தான். அதற்குள் இரண்டு கண். புருவம் அடர்த்தியாக, கறுப்பு கிரேயானை அழுத்தி அழுத்தி. கண்ணாடியின் ஓரத்தில் குட்டியாக ஒரு பையன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். அதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. கீழே அவனும் அக்காவைப் போலவே "நண்றி" என்றுதான் எழுதினான். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அந்த அண்ணன் அட்டையைப் பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை. திரும்பவும் பார்த்தார். "இது என் புருவமா?" என்று கேட்டார். அப்புறம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

முதல் படம் வேன் ஓட்டும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இரண்டாவது அவருக்கு மட்டும்தான். அந்த ஒற்றைக் கேள்விதான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. "உடனேயா?" என்று நான் கேட்டிருக்காவிட்டால் அவன் கண்ணாடியை நினைத்திருக்க மாட்டான்.

ஜூன் 16

எழுத்துப்பிழையைத் திருத்தாமல் விடலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அட்டையில் விடலாம். புதன்கிழமை வேறு நோட்டில் "நன்றி, கன்று, பன்றி" என்று மூன்று சொல்லையும் எழுத வைத்தேன், சரியாகிவிட்டது. பரிசில் சிவப்புப் பேனா வேண்டாம்.

ஜூன் 22

ஜாடி பற்றி ஜூன் 9-இல் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். "தினமும்" என்று சொன்னது தப்பு.

எங்கள் வீட்டிலேயே இரண்டாம் மாதத்தில் அது பல் தேய்ப்பதுபோல ஆகிவிட்டது. "அம்மாவுக்கு நன்றி, அப்பாவுக்கு நன்றி" என்று வரிசையாக ஏழு சீட்டு, ஒரே மாதிரி. ஒரு நாள் மூத்தவள் "இன்னைக்கு ஒண்ணும் இல்ல" என்று எழுதிப் போட்டாள். அன்று எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்த வாரம் முழுவதும் ஜாடிக்குள் விழுந்தவற்றில் உண்மையான சீட்டு அதுதான்.

ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, நன்றியுணர்வு பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி பேசப்படுவது. அதன் முதல் பகுதியில் கல்லூரி மாணவர்கள் தாங்கள் நன்றியோடு நினைப்பவற்றை வாரத்துக்கு ஒருமுறைதான் எழுதினார்கள். ஐந்து விஷயங்கள் வரை, பத்து வாரம். சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவினர் 2005-இல் எழுதியது இன்னும் நேரடியானது. ஆறு வாரத்தில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அவர்கள் எல்லாம் பெரியவர்கள், பிள்ளைகள் அல்ல. ஆனாலும் எங்கள் வீட்டில் பார்த்தது அதோடு ஒத்துப்போகிறது.

இப்போது வாரம் ஒருமுறை. ஆளுக்கு ஒரே ஒரு சீட்டு. ஆனால் அதில் "ஏன்" என்று ஒரு வரி இருக்க வேண்டும். ஒன்றும் தோன்றாத வாரம் சும்மா இருக்கலாம்.

ஜூன் 23

நட்சத்திரம் ஒட்டும் அட்டவணை போடலாமா என்ற கேள்விக்கு: போடாதீர்கள்.

நான் போட்டேன். ஒரு நன்றி அட்டைக்கு ஒரு நட்சத்திரம், பத்து சேர்ந்தால் ஒரு பொம்மை. மூத்தவள் ஒரே மத்தியானத்தில் ஏழு அட்டை செய்து அடுக்கிவிட்டாள். அதில் இரண்டு, வீட்டுக்கே வராத யாரோ ஒருவருக்கு. பெயர் எழுதும் இடத்தில் "அங்கிள்" என்று மட்டும் இருந்தது. பொம்மை கிடைத்த மறுநாளிலிருந்து ஒரு அட்டைகூட இல்லை. அவளைக் குறை சொல்ல முடியுமா? நான் சொன்ன வேலையைச் சரியாகச் செய்து, சொன்ன கூலியை வாங்கிக்கொண்டாள்.

பின்னால்தான் படித்தேன். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973-இலேயே மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேஜையில் வைத்துப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழு மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தது.

வரைவதற்கே இப்படி என்றால் நன்றிக்குக் கூலி வைப்பது எவ்வளவு பெரிய தப்பு! அட்டவணையைக் கிழித்துவிட்டேன். அந்த நட்சத்திர ஸ்டிக்கர்கள் இன்னும் மேஜை இழுப்பறையில் கிடக்கின்றன.

ஜூலை 6

இரண்டு வாரமாக எழுத முடியவில்லை. இந்த இரண்டு வாரமும் வீட்டில் ஒரே வேலைதான் நடந்தது: காகிதச் சங்கிலி.

நாங்கள் செய்த கைவேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. பழைய காலண்டர் தாளை இரண்டு சென்டிமீட்டர் அகலம், பதினைந்து சென்டிமீட்டர் நீளத்துக்குப் பட்டை பட்டையாக வெட்ட வேண்டும். பிள்ளை தினமும் தொடும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். அது நம் கைக்கு வரும் வரை அதைத் தொட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை. அவர் வேலையை எழுதி, வளையமாக வளைத்து, அடுத்த பட்டையை அதற்குள் கோத்து ஒட்ட வேண்டும்.

மூத்தவள் தன் பள்ளிச் சட்டையை எடுத்தாள். முதலில் அவள் எழுதியது மூன்றே பட்டை: "கடைக்காரர்", "அம்மா", "நான்". "கடைக்காரருக்கு யார் கொடுத்தாங்க?" என்று தம்பி கேட்டான். அங்கே பிடித்துக்கொண்டது.

துணி தைத்தவர். அவருக்கு முன் துணியை வெட்டியவர். காஜா எடுத்தவர். காஜா என்றால் பொத்தான் துளை என்று சொல்ல வேண்டியிருந்தது, உடனே இரண்டு பேரும் தங்கள் சட்டையில் போய்ப் பார்த்தார்கள். சாயம் போட்டவர், வெளுத்தவர், நெய்தவர், நூல் நூற்றவர், பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரித்தவர், மூட்டை கட்டியவர், லாரி ஓட்டியவர், லாரிக்கு டயர் மாற்றியவர் (இது சின்னவன் சேர்த்தது), பருத்தி பறித்தவர், களை எடுத்தவர், விதைத்தவர். பொத்தானுக்குத் தனியாக ஒரு கிளை போயிற்று. நூலுக்கு இன்னொன்று. மொத்தம் முப்பத்திநான்கு வளையம் சேர்ந்து, ஜன்னல் கம்பியில் தொடங்கிக் கதவு வரை வந்துவிட்டது.

நடுவில் ஒரு நாள் மூத்தவள் கேட்டாள்: "விதைச்சவருக்கு நான் போடறேன்னு தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அப்ப அவருக்கு எப்படிச் சொல்றது?"

என்னிடம் பதில் இல்லை. இல்லை என்றே சொன்னேன். அன்றிலிருந்து சட்டையை நாற்காலியில் வீசாமல் கொக்கியில் மாட்டுகிறாள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை. கேட்டால் அது எனக்காகச் செய்வதாகிவிடும்.

ஜூலை 7

பொருள் பட்டியல் கேட்டவருக்கு: எதுவும் வாங்க வேண்டாம். காலண்டர் தாள், பழைய நோட்டு அட்டை, மிச்ச நூல், கிழிந்த சட்டையின் பொத்தான், பசை, முனை மழுங்கிய கத்தரிக்கோல். பொத்தான், மணி போன்றவற்றை மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளை பக்கத்தில் வைக்காதீர்கள், வாயில் போட்டுவிடும்.

நேரம்: ஐந்து வயதுக்கு இருபது நிமிஷம். அதற்கு மேல் இழுத்தால் கோபம்தான் வரும்.

ஜூலை 13

ஒரு நண்பர் தனியாக எழுதியிருந்தார். தன் பிள்ளைகளிடம் அடிக்கடி "ஒண்ணுமே இல்லாத பிள்ளைங்களைப் பார், உனக்கு எவ்வளவு இருக்கு" என்று சொல்வாராம். அதையும் ஒரு ஆல்பமாகச் செய்ய வைக்கலாமா என்று கேட்கிறார். எனக்கு இதில் சம்மதமில்லை. வேகமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், இதை நானும் சொல்லியிருக்கிறேன்.

நான் அப்படிச் சொன்ன அன்று மூத்தவள் புதுச் செருப்பைப் போட மறுத்துவிட்டாள். அழுதாள். அவளுக்கு வந்தது குற்ற உணர்ச்சி. இன்னொரு குழந்தையின் இல்லாமையை நம் பிள்ளையின் பாடப்புத்தகமாக்குவது அந்தக் குழந்தைக்கும் மரியாதை இல்லை. அதில் நன்மை செய்த ஆள் என்று யாருமே இல்லையே! யாரை அறிவது?

இதே மாதிரி இன்னொரு வாக்கியம் உண்டு: "உனக்காக நான் எவ்வளவு செஞ்சேன் தெரியுமா?" இதுவும் என் வாயில் வரும். களைத்துப்போன நாளில் வரும். ஃபிலிப் வாட்கின்ஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2006-இல் எழுதியதைப் படித்த பிறகு கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறேன். உதவியவர் பதிலுக்கு எதிர்பார்க்கிறார் என்று தெரியத் தெரிய, உதவி பெற்றவருக்குக் கடன்பட்ட உணர்வு ஏறுகிறது, நன்றி இறங்குகிறது. கணக்கு நோட்டை நீட்டினால் பிள்ளை கடனைப் பார்க்கும். நம்மைப் பார்க்காது.

ஜூலை 20

சின்னவன் செய்த ஒரு காரியம். இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

என் தம்பி, அவனுடைய மாமா, ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவனுடைய மூன்று சக்கர சைக்கிளைச் சரிசெய்து கொடுத்தான். மறுவாரம் மாமாவுக்கு ஏதாவது செய் என்றேன். அவன் அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, உள்ளே பஞ்சு வைத்து, வெளியே முழுக்க நீலத் தாள் ஒட்டினான். மூலை மூலையாகப் பசை தடவி அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு அதற்குள் தன் சிவப்புக் காரை வைத்தான். ஒரு சக்கரம் இல்லாத கார். ஆனாலும் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவான்.

"மாமா பெரியவர்டா, அவருக்குக் கார் எதுக்கு? வேற ஏதாவது வரைஞ்சு குடு" என்றேன். பாதி வெட்கம் எனக்கு. உடைந்த பொம்மையைக் கொடுத்தால் தம்பி என்ன நினைப்பான் என்று.

அன்று இரவு எனக்கு எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. பிரான்சிஸ்கா பௌம்கார்ட்டன்-டிராமர் என்ற உளவியலாளர் 1938-இல் சுவிட்சர்லாந்தில் ஏழு முதல் பதினைந்து வயது வரையிலான 1,059 பிள்ளைகளிடம் இரண்டு கேள்வி கேட்டார். உன் பெரிய ஆசை என்ன? அதை நிறைவேற்றி வைப்பவருக்கு நீ என்ன செய்வாய்? சில பிள்ளைகள் நன்றி சொல்வேன் என்றார்கள். சில பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த ஒரு பொருளையே கொடுப்பேன் என்றார்கள். வேறு சிலர் அவருக்கு எது தேவையோ அதைச் செய்வேன் என்றார்கள். வயது ஏற ஏற, தனக்குப் பிடித்ததைத் தருவேன் என்ற பதில் குறைந்தது. அவருக்கு வேண்டியதைச் செய்வேன் என்ற பதில் கூடியது.

அந்தச் சிவப்புக் கார் இந்த இரண்டாவது வகை. ஐந்தரை வயதில் அவனிடம் இருக்கும் மிகப் பெரிய செல்வம் அதுதான். அதை நான் "எதுக்கு" என்று கேட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அவனிடம் போய், "மாமாவுக்கு அந்தக் காரையே குடு, நான் சொன்னது சரியில்ல" என்றேன். "ஏற்கனவே பெட்டிய மூடி ஒட்டிட்டேன்" என்றான். என் பேச்சைக் கேட்காமலே ஒட்டியிருக்கிறான். நல்லவேளை.

தம்பி அதற்கு ஒரு சக்கரம் செய்து போட்டான், பாட்டில் மூடியில். கார் இப்போது அவன் மேஜையில் இருக்கிறது.

ஜூலை 27

இன்று நடந்ததை இன்றே எழுதிவிடுகிறேன்.

மூத்தவளுக்கு ஊசி நூல் பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று பழைய காலுறையில் ஒரு பொம்மை செய்ய உட்கார்ந்தோம். கண்ணுக்கு இரண்டு பொத்தான். நூலைக் கோக்கவே அவளுக்குப் பத்து நிமிஷம். நுனியை வாயில் வைத்து ஈரமாக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. முடிச்சு போடவில்லை, முதல் பொத்தான் கையோடு வந்துவிட்டது. மறுபடி. விரலில் ஒரு குத்து. மறுபடி. இரண்டு கண்ணும் நிற்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

முடித்துவிட்டுக் கொக்கியில் மாட்டியிருந்த பள்ளிச் சட்டையைப் பார்த்தாள். கிட்டே போய்ப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். மேலிருந்து மூன்றாவதில் கை நின்றது.

"இது மட்டும் ஏன் நீல நூலு?"

"அது அறுந்துபோச்சு. போன பரீட்சைக்கு முதல் நாள். ராத்திரி பதினோரு மணிக்குத்தான் பார்த்தோம். வெள்ளை நூல் இல்ல. இருந்ததில் வெளிர் நீலத்தை எடுத்து அப்பா தைச்சார்."

"அப்பாவா? அப்பாவுக்குத் தைக்கத் தெரியுமா?"

"தெரியாது. அன்னைக்குத்தான் கத்துக்கிட்டார்."

அவள் சட்டையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு பெரிய முடிச்சு, தேவைக்கு மேல் மூன்று மடங்கு நூல், கோணல்மாணலாக. தன் விரலைப் பார்த்தாள். "குத்தியிருக்கும்ல?" என்றாள்.

"அப்பாகிட்ட தேங்க்ஸ் சொல்லு" என்பது என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் வந்ததும் அவள் பொம்மையைக் காட்டினாள், தைத்த விதத்தைச் சொன்னாள், சட்டையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்குக் கைவேலையில் இத்தனை பிடிப்பு ஏன் என்று சிலர் கேட்டார்கள். இன்றுதான் எனக்கே தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பொத்தான் ஐந்து மாதமாக அவள் மார்பில்தான் இருக்கிறது. தானே ஒரு பொத்தான் தைத்துப் பார்க்கும் வரை அது கண்ணில் படவில்லை.

ஆகஸ்ட் 3

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். மகன் அட்டையை அழுதுகொண்டே செய்தான் என்கிறார். நிறுத்திவிடுங்கள். அடுத்த ஞாயிறு நீங்கள் மட்டும் உட்காருங்கள். உங்களுக்கு நல்லது செய்த ஒருவரை நினைத்து நீங்களே ஒரு அட்டை செய்யுங்கள். அவனைக் கூப்பிட வேண்டாம். பசையைத் திறந்து வைத்தால் போதும்.

நான் அப்படித்தான் என் தங்கைக்கு ஒன்று செய்தேன். நான் பேறுகாலத்தில் படுத்திருந்தபோது தன் வேலையை விட்டுவிட்டு வந்து மூத்தவளைப் பார்த்துக்கொண்டாள். அப்போதே சொல்ல வேண்டியதை ஐந்தரை வருஷம் கழித்துச் சொல்கிறோமே, அவளுக்கு விசித்திரமாக இருக்காதா என்று தயங்கினேன். அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018-இல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். நன்றிக் கடிதம் எழுதுபவர்கள், பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று கூடுதலாக நினைக்கிறார்கள். அவருக்கு எவ்வளவு சந்தோஷம் வரும் என்பதைக் குறைவாக மதிப்பிடுகிறார்கள்.

தங்கை போனில் அழுதாள். சின்னவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "சித்தி ஏன் அழறாங்க? அட்டை நல்லா இல்லையா?" என்று கேட்டான்.

ஆகஸ்ட் 10

ஒரு திருத்தம். காகிதச் சங்கிலிக்குப் பசை போதாது. நேற்று மழை ஈரத்தில் பாதி வளையம் விட்டு, காலையில் தரையில் கிடந்தது. ஸ்டேப்ளர் போடுங்கள்.

நானே உட்கார்ந்து வரிசைப்படுத்தினேன். தைத்தவர், வெட்டியவர், காஜா எடுத்தவர் எல்லாம் சரியாக இருந்தது. எண்ணினால் முப்பத்தைந்து வருகிறது. திரும்ப எண்ணினேன், முப்பத்தைந்துதான்.

பொத்தான் கிளையின் கடைசியில் நான் பார்க்காத ஒரு பட்டை. மற்றவற்றைவிட அகலம், கத்தரிக்கோல் நேராகப் போகவில்லை. அதில் வெளிர் நீலப் பென்சிலில், "மூணாவது பட்டன் – அப்பா. ராத்திரி 11 மணி" என்று எழுதியிருந்தது.

எப்போது ஒட்டினாள் என்று தெரியவில்லை. அதற்கு மட்டும் நான்கு பக்கமும் செலோடேப் சுற்றியிருந்ததால் பிரியவில்லை. அப்படியே திரும்ப மாட்டிவிட்டேன். அவர் இன்னும் பார்க்கவில்லை.